மேடைக்கடியில் கிணறு

ஆர்ஃபியம் டாக்கீஸின் சாவி அப்பாதுரையிடம் இருந்தது. சாவி வைத்திருப்பவன் எவனையும் நம்பக்கூடாது என்பார். சாவி கைக்கு வருமுன்னும் அவர் எவனையும் நம்பியதில்லை, அது வேறு விஷயம்.

படம் ஓடிய காலத்தில் இருட்டில் டார்ச் அடித்து ஸீட் காட்டியவர் அவர். கொரோனாவில் மூடிய டாக்கீஸ் மூடியதுதான். முதலாளி க்ளென் துரை குக் டவுனிலிருந்து வந்து, "நீயே பாத்துக்கோ மேன்" என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

டாக்கீஸ் ஆவதற்கு முன்னால் அது மியூசிக் ஹால். தண்டில், அதாவது கண்டோன்மென்டில், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்தபோது சிப்பாய்களும் துரைசானிகளும் ஆட்டம் போட்ட இடம். கட்டும்போது நடுவில் ஒரு பெரிய கிணறு இருந்ததாம். தூர்த்துவிடலாம் என்று எல்லாரும் சொல்ல, பேண்டு மாஸ்டர் ஒருத்தன் மட்டும், "மூடாதே, இதுமேல மேடை போடு, என் டிரம் நல்லாப் பேசும்" என்றானாம். அப்படித்தான் கிணற்றுக்குமேல் பலகை மேடை வந்தது. மேடைக்கடியில் குனிந்து போகிற ஓர் அறை. அதற்குச் சந்துப் பக்கம் ஒரு குட்டைக் கதவு.

அதுவரை அந்தக் கிணற்றில் நீர் மொண்டுகொண்டிருந்த பெரிய சாதிக்காரர்கள், தலைக்குமேல் பூட்ஸ் காலோடு ஆடுகிற தண்ணி தீட்டு என்று ஒதுங்கிப் போனார்கள். எந்தக் கிணற்றுப் பக்கமும் போகமுடியாத சந்து சனம் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. "அவனுங்க தீட்டுன்னு வுட்டான், நமக்குப் பாட்டோட தண்ணி கெடச்சுது" என்று அப்பாதுரையின் தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மேலே பேண்டு, கீழே குடம். அப்புறம் மேலே சினிமா வசனம், கீழே அதே குடம். முதலாளிகள் மாறினார்கள், குட்டைக் கதவை ஒருத்தரும் சாத்தவில்லை. க்ளென் துரையின் தாயார் சோஃபியாம்மா, பொம்பளைகள் இருட்டில் தடுக்கி விழுகிறார்கள் என்று உள்ளே ஒரு பல்பு போட்டுக் கொடுத்தார். அப்பாதுரை வீட்டுச் சுவரில் புத்தருக்கும் பாபாசாகேபுக்கும் பக்கத்தில் சோஃபியாம்மா படமும் உண்டு. அவர் நம்பின ஆட்கள் இவ்வளவுதான், மூன்று பேரும் உயிரோடு இல்லை.

இந்தக் கோடையில் ஊரே காய்ந்தது. போர்வெல் எல்லாம் காற்றுதான் கக்கியது. காவேரித் தண்ணீர் நினைத்தால் வரும். டேங்கர்காரன் ராஜா மாதிரி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேடைக்கடிக் கிணறு மட்டும் வற்றவில்லை. சந்து முழுக்க அதைக் குடித்துத்தான் உயிரோடு இருந்தது.

அந்த நேரம் பார்த்து க்ளென் துரை டாக்கீஸை ஒரு ஹோட்டல் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார். வேலை பார்க்க ரூபினி என்று ஓர் இன்ஜினியர் பெண் வந்தாள். ஈரோட்டுப் பக்கம், எலெக்ட்ரானிக் சிட்டியில் பிஜி விடுதியில் வாசம்.

தண்ணீர் இருப்பது தெரிந்தால் கம்பெனிக்காரன் விடுவானா? பம்பு வைத்து உறிஞ்சுவான், இல்லாவிட்டால் டேங்கர்காரனுக்கு விற்பான். அப்பாதுரை அன்றே சந்து ஆண்களைக் கூட்டி, உடைந்த நாற்காலிகளையெல்லாம் அறைக்குள் அடைக்கவைத்தார். கிணற்று வாயைக் கல்பலகையால் மூடி, அதன்மேலும் நாற்காலி. வேலையாட்கள் வீட்டுக்குப் போனபின் நாற்காலியை நகர்த்தி ரகசியமாகத் தண்ணீர் எடுப்பது, யாரும் வாய் திறக்கக்கூடாது என்று ஏற்பாடு.

ரூபினி குனிந்து எட்டிப் பார்த்தாள். "தாத்தா, இதுக்குள்ள என்ன இருக்கு?"

"குப்பெ."

"அதுக்குக் கீழ?"

"மண்ணு. பாம்பு கூட இருக்கும், போவாதம்மா."

அவள் நம்பிவிட்டாள். அப்பாதுரைக்கு ஒரே சந்தோஷம். மனைவி ஜானகியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

மூன்றாம் நாள் காலை டிராக்டர் ஒன்று இடித்த செங்கலும் காரையுமாகச் சந்துக்குள் பின்பக்கமாக வந்து, குட்டைக் கதவோரம் நின்றது. மேஸ்திரி முனிகிருஷ்ணன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, இது எதுக்கு?" என்றார் அப்பாதுரை.

"மேடை மேல கிச்சன் வருது பெருசு. வெயிட்டு தாங்கணுமில்ல? கீழ வெறுங் குப்பெதானே, நீயே சொன்னியே. நாற்காலியோட சேத்து நெரப்பி, மேல காங்கிரீட் ஊத்திட்டா ஆய்த்து."

அப்பாதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. ஒளித்த கையாலேயே புதைக்கிறோமே! சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள், சொல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். டிராக்டர்காரன் பின்பலகையின் கொக்கியைக் கழற்றினான்.

வீட்டு வாசலில் குடத்தோடு நின்ற ஜானகி கத்தினாள்: "யோவ், வாயத் தொறய்யா! கெணறு போனப்பறம் உன் சாவிய வச்சி என்னா பண்ணுவே, நாக்கு வழிப்பியா?"

அப்பாதுரை போய்க் குட்டைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். "கொட்டுடா. எம்மேல கொட்டு."

"சும்னே எழுந்திரு பெருசு, தமாஷ் பண்ணாத" என்றான் முனிகிருஷ்ணன் அரைக் கன்னடத்தில்.

சத்தம் கேட்டு ரூபினி ஓடிவந்தாள். அப்பாதுரை அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உள்ள கெணறு இருக்கும்மா. தண்ணி இருக்கு. சந்துக்கே அதான் தண்ணி. நான் பொய் சொன்னேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "ஏன் தாத்தா? நான் கேட்டேனே!"

"உன்னெ எனக்குத் தெரியாதே. தெரிஞ்சவனே கழுத்தறுப்பான்."

அவள் வேலையாட்களைக் கூப்பிட்டாள். நாற்காலிகளை எடுக்கச் சொன்னாள். கல்பலகை நகர்ந்தது. செல்போன் வெளிச்சத்தில், கீழே கறுப்பாகத் தண்ணீர் அசைந்தது. முனிகிருஷ்ணன் எட்டிப் பார்த்து, "அய்யோ, இதுலயா நான் கொட்டப் பாத்தேன்? ஏழு ஜென்மத்துக்குப் பாவம் சுத்தியிருக்கும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ரூபினி வெளியே வந்து கம்பெனிக்குப் போன் போட்டாள், க்ளென் துரைக்கும் போட்டாள். கம்பெனிக்காரர் மறுமுனையில் கத்துவது சந்துக்கே கேட்டது. அவளும் விடவில்லை. "கிச்சனை டிக்கெட் ரூம் பக்கம் தள்ளிக்கலாம் சார். கிணத்த மூடி நான் வேலை செய்யமாட்டேன், வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றாள். க்ளென் துரை மாலையே வந்து நின்றார். "அம்மா போட்ட பல்ப மாத்தினீங்களா இல்லியா மேன்?" என்பதுதான் அவர் அப்பாதுரையிடம் கேட்ட ஒரே கேள்வி.

கடைசியில் கம்பெனி ஒத்துக்கொண்டது, கிச்சன் இடம் மாறியது. அப்பவும் அப்பாதுரை நம்பவில்லை. வேலை முடியும்வரை தினமும் ஸ்டூல் போட்டுக் கிணற்றுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பழைய கைப்பிடிச் சுவரை உயர்த்தினார்கள். மேலே கம்பி வலை வந்தது. சிறிய மோட்டார் ஒன்று. சந்துப் பக்கம் இரண்டு நல்லிக் குழாய். இத்தனை வருஷமாகக் குனிந்து குனிந்து இடுப்பு போன பொம்பளைகள், முதல் நாள் நின்றபடியே குடம் நிரப்பிவிட்டு, போக மனசில்லாமல் அங்கேயே நின்றார்கள். ஒருத்தி நல்லிக்கு மஞ்சள் பூசினாள்.

அப்பாதுரை ரூபினியைத் தேடிப் போனார். நல்ல வார்த்தை சொல்லத்தான் போனார். வாயில் வந்தது இதுதான்: "மோட்டார் நல்ல கம்பெனியா, இல்ல டூப்ளிகேட்டா?"

"நல்லதுதான் தாத்தா" என்று சிரித்தாள். தலையெல்லாம் சிமெண்டுத் தூசி, முடி கயிறு கயிறாக இருந்தது.

"ஏம்மா, தல முழுவ மாட்டியா நீ?"

"எங்க தாத்தா? பிஜில தண்ணியே வர்றதில்ல. முகம் கழுவறதே பெரிசு."

அப்பாதுரை வீட்டுப் பக்கம் திரும்பினார். ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டவள் குளிக்காமல் நிற்கிறாள். "ஜானகி!" என்று கத்தினார். "அண்டாவ அடுப்புல ஏத்து. சீயக்காய எடு."

"வேணாம் தாத்தா, வேலை இருக்கு."

"வேல எங்கயும் ஓடாது. வா."

ஜானகி அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குளியலறையில் விட்டு, துவைத்த புடவை ஒன்றைக் கதவின்மேல் போட்டாள். அப்பாதுரை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே சொம்பு சொம்பாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிறைய விழுந்தது. விழட்டும் என்றிருந்தார்.

முனிகிருஷ்ணன் சந்துக்குள் வந்து, "மேடம்! மேடம் எங்க? டைல்ஸ் லாரி வந்திருக்கு!" என்று கூவினான்.

"கத்தாதடா" என்றார் அப்பாதுரை. "எங்க பொண்ணு குளிக்குது. லாரிய நிக்கச் சொல்லு."