'வாறன்' என்பதற்கு ஆங்கிலம்

பேர்ணில் ஒரு தேவாலய மண்டபத்தின் பின்னறையில், சனிக்கிழமை பிற்பகல்களில் நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். மாணவர்கள் ஆறு பேர். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கிழமை நாட்களில் மருந்துக்கடையில் டொக்டர்மாரின் கிறுக்கல்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமையும் வந்து பிழை திருத்துகிறேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தர்மிகா டீச்சர் இன்றைக்கு எப்படி என்று வாசலில் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

சுவிசில் இருப்பவர்களுக்கு எதற்கு ஆங்கிலம் என்று கேட்கலாம். ஜெர்மன் அனுமதிப் பத்திரத்துக்கு, ஆங்கிலம் சொந்தக்காரருக்கு. கூடப்பிறந்தவர்கள் லண்டன், ரொறொன்ரோ, பேர்ண் என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பொதுவாக மிஞ்சியது ஆங்கிலம் ஒன்றுதான். அந்தப் பிள்ளைகளோடு நாலு வார்த்தை கதைக்க விரும்புகிற பெரியவர்கள் என்னிடம் வந்து சேர்ந்தார்கள்.

றோசலின் அன்ரி வந்தது எலேனாவுக்காக. அன்ரிக்கு ஐம்பத்தெட்டு வயது. மன்னார்க்காரி. இங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். அவருடைய ஒரே தங்கை ஜெசிந்தா இங்கிலாந்தில் லெஸ்ரரில் இருந்தார். தொண்டையில் புற்றுநோய் வந்து, சத்திரசிகிச்சையோடு குரல் போய்விட்டது. அந்த நேரம் ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்தில் கிடந்தார். எலேனா ஜெசிந்தாவின் ஒரே மகள், இருபது வயது. தகப்பன் வெள்ளைக்காரர், பிரிந்துபோய் எத்தனையோ வருடம். பிள்ளைக்குத் தமிழில் 'அம்மா', 'சோறு' இரண்டைத் தவிர வேறு தெரியாது. அன்ரி தொலைபேசியில் தங்கையோடு தமிழில் கதைப்பார். தங்கை கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். பிறகு எலேனா போனை வாங்கிக்கொண்டு அறைக்கு வெளியே வருவாள். டொக்டர் என்ன சொன்னார், நோவு எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் அவளிடம் ஆங்கிலத்தில்தான் கேட்கவேண்டும்.

நேரே போய்ப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் அன்ரியிடம் இருந்தது தற்காலிக அனுமதி. அதை வைத்துக்கொண்டு வெளியே போகப் பயணப் பத்திரம் வேண்டும், திரும்பி வர ஒரு விசா வேண்டும், இங்கிலாந்துக்குள் நுழைய இன்னொரு விசா வேண்டும். எல்லாவற்றுக்கும் எழுதிப்போட்டு ஏழு கிழமை ஆகியிருந்தது. தினமும் வேலை முடிந்து வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னார்.

மாசி மாதக் கடைசியில் எதிர்காலம் படிப்பித்தேன். பலகையில் மூன்று பெட்டி கீறினேன். முதல் பெட்டியில் 'ஐ வில் கம்'. இப்போதுதான் மனதில் தோன்றியது, அல்லது வாக்குக் கொடுப்பது. இரண்டாவதில் 'ஐ ஆம் கோயிங் டு கம்'. முன்னரே முடிவெடுத்துவிட்டது. மூன்றாவதில் 'ஐ ஆம் கமிங்'. நாள் குறித்து, ரிக்கற் எடுத்து, எல்லாம் ஒழுங்கானது.

"ரிக்கற் கையிலை இருந்தால்தான் மூண்டாவது பெட்டி. விளங்கிச்சோ?" என்று கேட்டேன்.

பஸ் துப்புரவாக்கும் வேலை செய்கிற அலோசியஸ் அண்ணை கையை உயர்த்தினார்.

"டீச்சர், நாங்கள் எல்லாத்துக்கும் 'வாறன்' எண்டுதானே சொல்லுறது. நாளைக்கும் வாறன், வாற வருசமும் வாறன். 'வருவன்' எண்டால் அவன் வரமாட்டான் எண்டு அர்த்தம்."

வகுப்பு சிரித்தது. அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் ஆட்களிடம் 'வருவன்' என்று சொல்லிப் பாருங்கள், யாரும் உலை வைக்க மாட்டார்கள்.

றோசலின் அன்ரி சிரிக்கவில்லை. கொப்பியில் மூன்று பெட்டியையும் அடிமட்டம் வைத்துக் கீறிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நான் போறதெண்டு முடிவெடுத்திட்டன். லீவும் கேட்டிட்டன். விசா மட்டும் இல்லை. நான் எலேனாவுக்கு எந்தப் பெட்டியைச் சொல்லுறது?"

புத்தகத்தில் விசா இல்லாதவர்களுக்கென்று பெட்டி கிடையாது. "'ஐ வில் ட்ரை' எண்டு சொல்லுங்கோ அன்ரி" என்றேன்.

"அப்பிடியெண்டால்?"

"வரப் பாக்கிறன்."

"அது வராத ஆக்கள் சொல்லுற கதையெல்லே" என்றார். அதை அவர் கொப்பியில் எழுதவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் குளிர்ச்சட்டையை மாட்டும்போது அன்ரி கதவடியில் நின்று, மிகவும் கவனமாக, "ஓகே டீச்சர், ஐ ஆம் கமிங்" என்றார். அலோசியஸ் அண்ணை வெடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் வீடுகளில் புறப்படுகிறவர் 'போறன்' என்று சொன்னால் பிடரியில் விழும். 'வாறன்' என்றுதான் சொல்லவேண்டும். அதுவும் நோயாளி இருக்கிற வீட்டில் 'போறன்' என்ற சொல் வாயில் வரவே கூடாது. அன்ரி அந்த 'வாறனை' அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்துவிட்டார்.

நான் பிழை திருத்தவென்றே பிறந்தவள். 'ஸ்' விட்டால் விடமாட்டேன், 'த' வை 'ட' என்றால் திரும்பச் சொல்ல வைப்பேன். அன்று மட்டும் திருத்தவில்லை. எனக்கு அது வடிவாக இருந்தது. அடுத்த சனிக்கிழமைகளில் அது வகுப்பின் பகிடியாகவே ஆகிவிட்டது. ஆறு பேரும் ஆளுக்கு ஆள் 'ஐ ஆம் கமிங்' சொல்லிக்கொண்டு வெளியே போனார்கள். நானும் கையைக் காட்டி 'ஐ ஆம் கமிங்' என்றேன்.

பங்குனி நடுவில் ஒரு சனிக்கிழமை, வகுப்புக்கு அரை மணித்தியாலம் முந்தி அன்ரி வந்துவிட்டார். கையில் போன்.

"பிள்ளை, எலேனா எழுதியிருக்கிறாள். பிளைற் எண்டு கிடக்கு. மிச்சம் விளங்கேல்லை."

வாங்கி வாசித்தேன். எந்த விமானம், எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்று எலேனா கேட்டிருந்தாள். அம்மா நாலு நாளாக நோவுக்கான மருந்தை வேண்டாமென்கிறா. அது நித்திரையாக்கிவிடும், அக்கா வரும்போது முழித்திருக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் காட்டுகிறா. பார்க்க முடியவில்லை, தயவுசெய்து நேரத்தைச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தாள்.

அந்த மருந்தை எனக்குத் தெரியும். கடையில் பூட்டிய அலுமாரியில் இருக்கும். நாலு நாள் அது இல்லாமல் அந்த நோயோடு கிடப்பது என்றால் என்னவென்றும் தெரியும். கத்தி அழுவதற்கு ஜெசிந்தாவுக்குக் குரலும் இல்லை.

"அன்ரி, வாறதெண்டு எலேனாவுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லையே! விசா வரேல்லை எண்டு போன மாசமே சொன்னனான். 'விசா நொட் கம்' எண்டு நல்லாச் சொன்னனான். அதுக்குப் பிறகு அந்தக் கதையே எடுக்கேல்லை."

"கதைச்சு முடிக்கேக்கை என்ன சொல்லுறனீங்கள்?"

"என்ன சொல்லுறது? 'ஓகே மகள், ஐ ஆம் கமிங்' எண்டிட்டு வைக்கிறனான்..."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. மூன்றாவது பெட்டியை அடிமட்டம் வைத்துக் கீறியவர் அல்லவா. பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எலேனா அதை முதல் தடவை கேட்டபோதே ஓடிப்போய்த் தாயிடம் சொல்லியிருப்பாள், அடுத்தடுத்த தடவைகளில் அது இன்னும் நிச்சயமாகி, கடைசியில் இந்தக் கிழமை என்றே ஆகியிருக்கும். நான் செய்திக்குத் தமிழ் சொன்னேன்.

"உங்களிலை பிழையில்லை அன்ரி" என்றேன்.

"ஓம். நீயும் சிரிச்சனிதானே" என்றார்.

இவ்வளவு காலத்தில் என்னை அவர் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன்.

பிறகு என் மூளை மருந்துக்கடைப் புத்தியோடு வேலை செய்யத் தொடங்கியது. "ரெண்டு நாளிலை வாறியள் எண்டு சொல்லுவம். அதுவரைக்கும் மருந்தைப் போடட்டும், வந்தவுடனை எழுப்புவம் எண்டு எலேனா சொல்லட்டும். நோவாவது குறையும்."

அன்ரி தலையை ஆட்டினார். "உனக்கு அவளைத் தெரியாது. ரெண்டு நாள் எண்டால் ரெண்டு நாளும் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பாள். ஊரிலை நான் கடைக்குப் போனாலும் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். நான் வரமாட்டன் எண்டு சொன்னால்தான் விடுவாள்." கொப்பியைத் திறந்து மூன்று பெட்டியையும் பார்த்தார். "வரமாட்டன் எண்டதுக்கு எந்தப் பெட்டி?"

"'வில்' வேண்டாம். 'ஐ வோண்ட் கம்' எண்டால் வர மறுக்கிற மாதிரிப் போயிடும். 'ஐ ஆம் நொட் கமிங்' எண்டு சொல்லுங்கோ."

"நொட் கமிங்."

"'நொட்' கேக்கோணும் அன்ரி."

அந்த நேரத்திலும் திருத்தினேன். திருத்தவேண்டித்தான் இருந்தது. அன்ரி நாலு தடவை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லுக்கு வந்ததும் சத்தம் குறைந்தது. ஐந்தாவது தடவை தெளிவாக வந்தது. அப்போதே எலேனாவின் எண்ணை அழுத்தினார்.

எலேனா உடனே எடுத்தாள். ஸ்பீக்கரில் கேட்டது. ஹலோ என்பதற்கு முதலே எத்தனை மணிக்கு என்றாள்.

"எலேனா, ஐ ஆம் நொட் கமிங்."

அப்படியென்றால் நாளைக்கா என்று மெதுவாகக் கேட்டாள். அன்ரி போனை என்னிடம் நீட்டினார். நான் யாரென்று சொல்லிவிட்டு, எங்கள் மொழியில் விடைபெறும்போது 'வாறன்' என்றுதான் சொல்வோம், அன்ரி அதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னார், விசா இன்னும் வரவில்லை என்று விளக்கினேன். இவ்வளவு நீளமாக விளக்கவேண்டிய ஒரு விஷயத்துக்கா சிரித்தேன் என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. எலேனா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாலு நாள்" என்றாள். அதை மட்டும் மூன்று தரம் சொன்னாள். பிறகு, தன்னால் இதை அம்மாவிடம் சொல்ல முடியாது, அன்ரியே சொல்லட்டும் என்று சொல்லி, அறைக்குள் போய் போனைத் தாயின் தலையணையில் வைத்தாள்.

மூச்சு வந்து போகிற சத்தம் கேட்டது. கரகரப்பான, இடையிடையே நின்று வருகிற மூச்சு.

"ஜெசி, அக்கா கதைக்கிறன். கேக்குதோ? நான் வரேல்லையடி. விசா தரேல்லை. நான் சொன்னதைப் பிள்ளை வேறை மாதிரி விளங்கியிட்டுது. அவளைப் பேசாதை, என்னிலைதான் பிழை. நீ இனிப் பாத்துக்கொண்டிராதை. கேக்குதோ? ஒருத்தரும் வரேல்லை. மருந்தைப் போடச் சொல்லு. நித்திரை கொள்ளு. பக்கத்திலை உன்ரை பிள்ளை இருக்கிறாள். அவள்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு படு."

மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு வேகமாக வந்தது. அழுகிறார் என்று நினைக்கிறேன். குரலில்லாதவருடைய அழுகை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்ரி அது அடங்கும்வரை காத்திருந்தார். அவர் அழவில்லை.

"சரி ராசாத்தி" என்றார். "நீ போட்டு வா."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போய்விட்டு வா என்பது பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்கும், பஸ் பிடிக்க ஓடுகிறவருக்கும் வாசலில் நின்று சொல்கிற வார்த்தைதான். இப்படியொரு பயணத்துக்கு அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கதிரையை இழுக்கிற சத்தமும் யாரோ ஒரு தாதியின் குரலும் கேட்டன. பிறகு எலேனா வந்தாள். அம்மா தலையாட்டினா, தானே மருந்தைக் காட்டினா, இப்போது ஊசி ஏற்றுகிறார்கள் என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அன்ரி கடைசியாக என்ன சொன்னா என்று கேட்டாள்.

போ, வா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆங்கிலத்தில் அது உளறல். தனித்தனியாகச் சொன்னால் இன்னொரு பொய். ஒரு 'வாறன்' இந்தக் குடும்பத்துக்குச் செய்தது போதும்.

"என்ன கேக்கிறாள்?" என்றார் அன்ரி.

"நீங்கள் கடைசியாச் சொன்னதுக்கு இங்கிலிஷ் கேக்கிறாள்."

அவர் போனை என் கையிலிருந்து எடுத்தார். ஸ்பீக்கரை நிறுத்திக் காதில் வைத்தார். பலகை துடைத்துச் சுத்தமாக இருந்தது, அதில் பார்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

"எலேனா. யுவர் மதர் இஸ் கோயிங்" என்றார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. "ஐ ஸெட் ஓகே."

மற்றவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அலோசியஸ் அண்ணை கதவைத் திறந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்தவர்களையும் மறித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். எலேனா அழுகிறது எனக்கும் கேட்டது. அன்ரி போனை வைக்கவில்லை. அவள் அழுது முடியும்வரை அதைக் காதோடு பிடித்தபடி இருந்தார்.