ஆர்டன் ஹாகனின் சிக்கனத் தோட்டாக்கள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் துப்பாக்கிச் சங்கத்துச் சுடுதளத்தில் குனிந்து காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அதையே செய்துகொண்டிருந்த ஆர்டன் ஹாகன் சொன்னது. அமெரிக்காவில், இந்த மொன்டானாவில் சுடுவது கொஞ்சம், பொறுக்குவது அதிகம். சுட்ட பித்தளையை அப்படியே விட்டுப்போகிறவனை இங்கே ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள்.

"நீ எழுதுற ஆளாச்சே. இதை மட்டும் எழுதிடாதே" என்றுதான் ஆரம்பித்தார். எழுதுகிறவனிடம் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் வரிக்கு நான் செய்த முயற்சிகள்:

பனி உருகத் தொடங்கிய ஒரு காலைப் பொழுதில், நீல மலைகளின் மடியில்... (வேண்டாம். கதை நடக்கிற ஆர்டனின் கார் கொட்டகையில் ஜன்னலே கிடையாது.)

ஒரு தோட்டாவின் உண்மையான விலை என்ன என்று கேட்டால்... (இது கட்டுரை.)

ஆர்டன் ஒரு கஞ்சன். (இது உண்மை. இதிலேயே தொடங்குகிறேன்.)

2

ஆர்டன் ஒரு கஞ்சன். தானியக் கிடங்கில் எடை போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி லவான், நீளத் துப்பாக்கியால் தூரக் குறியைச் சுடும் போட்டிக்காரி.* கடைத் தோட்டா ஒன்று இரண்டரை டாலர். வீட்டில் செய்தால் ஒரு டாலருக்குள் முடியும் என்பது ஆர்டனின் வாதம். சுட்ட கூட்டைத் தேய்த்து, பழைய அளவுக்கு நெருக்கி, அடியில் பிரைமர் என்கிற பொட்டு வெடியைப் பதித்து, வெடிமருந்தை அளந்து கொட்டி, மேலே குண்டை அழுத்தினால் தோட்டா தயார்.

அவர் கணக்கில் வராதவை: அழுத்தும் கருவி, மருந்தை அளக்கும் குடுவை, மின்தராசு, அந்தத் தராசு பொய் சொல்கிறதோ என்று சந்தேகப்பட்டு வாங்கிய இன்னொரு தராசு. பிறகு பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது ஒரே ஒரு பெட்டிக்காகப் பக்கத்து மாநிலம் வரை எரித்த பெட்ரோல்.

"மிச்சம் பிடிச்சேன், மிச்சம் பிடிச்சேன்ங்கிறியே, அது எங்கே இருக்கு ஆர்டன்?" என்பாள் லவான்.

"முன்னைக்கு ரெண்டு மடங்கு சுடுறே இல்ல? அதுதான் மிச்சம்."

"அப்போ சுடாமலே இருந்தா நாம பணக்காரங்க?"

"சுடாம இருந்தா வீட்ல உக்காந்து என்னைத் திட்டுவே. அந்தச் செலவு எனக்குக் கட்டாது."

* (லவானை 'அவள்' என்று எழுதுவது உரிமையில். ஆர்டனை 'அவர்' என்பது மரியாதையில் இல்லை, கிண்டலில்.)

3

மாநிலப் போட்டிக்கு முந்தின நாள். போன தடவை இரண்டாம் இடம் வந்த கடுப்பு லவானுக்கு இன்னும் தீரவில்லை. அவளுக்கான தோட்டாக்களைச் செய்து பெட்டியில் அடுக்கிவிட்டு, சீட்டி அடித்தபடி மேசையைத் துடைத்தார் ஆர்டன். மருந்து டப்பாவை அலமாரியில் வைக்க எடுத்தார். கை கனத்தது. மூடியைத் திருகினார். உள்ளே ஒட்டியிருந்த முத்திரைக் காகிதம் கிழியவே இல்லை.

டப்பாவைத் திறக்கவே இல்லை என்றால், இத்தனை தோட்டாக்களுக்குள் போனது எது?

குடுவையில் முன்பே இருந்த மருந்துதான். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதனதன் டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் அரிச்சுவடி. போன வாரம் வேலை நடுவில் லவான், "ஆப்பிள் பை ஆறிப்போகுது!" என்று கூப்பிட்டாள். போனவர் போனவர்தான். இன்றைக்குக் காலையில் மேசைமேல் டப்பாவையும் குடுவையில் மருந்தையும் பார்த்து, தானே நிரப்பியதாக நினைத்துவிட்டார்.

(ஆப்பிள் பையைச் சாப்பிட்டதில் தப்பில்லை. இரண்டாவது துண்டுதான் கெடுத்தது.)

போன வாரம் செய்தது லவானுக்கா, தன் கைத்துப்பாக்கிக்கா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கைத்துப்பாக்கி மருந்து வேகமாக எரிவது. அதை இந்த அளவுக்கு நீளத் துப்பாக்கியில் போட்டால் துப்பாக்கியே வெடித்துவிடும். லவான் அதைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துத்தான் சுடுவாள்.

குடுவையில் மிச்சமிருந்ததைக் காகிதத்தில் கொட்டினார். பக்கத்தில் டப்பா மருந்தைக் கொஞ்சம் கொட்டினார். அதுவும் சாம்பல் பொடி, இதுவும் சாம்பல் பொடி. ஒரே மாதிரிதான் இருந்தன. ஒரே மாதிரி இருக்கிறது என்பதை நம்பிப் பெண்டாட்டியின் முகத்தைப் பணயம் வைக்க முடியுமா? ஆர்டன் பயந்துபோனார். உட்கார்ந்துவிட்டார்.

4

இங்கே எனக்குப் பிடித்த வழி, அவர் உள்ளே போய்ச் சொல்லிவிடுவது. எழுதியும் பார்த்தேன்:

"லவான், ஒரு விஷயம்."

"சொல்லு."

"அது வந்து..."

(இதற்குமேல் ஆர்டன் பேசமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்ய?)

இன்னொரு வழி, எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகச் செய்வது. அதற்கு நேரம் இருந்தது. ஆனால் அன்றைக்குத் தன் கையை அவரே நம்பவில்லை.

நடந்தது இதுதான். குடுவை மருந்தைப் புல்வெளியில் தூவினார். செய்த தோட்டாக்களை, பிறகு ஒவ்வொன்றாகப் பிரிப்பதற்காக, பூட்டிவைத்தார். பிறகு கடைக்கு வண்டியை விட்டார்.

"அடடே, ஆர்டனா? வழி தவறி வந்துட்டீங்களா?" என்றான் கடைக்காரன் டெல்பர்ட்.

"தோட்டா வேணும். இருக்கிறதிலேயே நல்லது."

"யாருக்கு?"

"விருந்தாளிக்கு."

"அவ்வளவு முக்கியமான விருந்தாளியா?"

"வாயை மூடிட்டு பில்லைப் போடு."

முழு விலை. தள்ளுபடிகூடக் கேட்கவில்லை. திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, கடைத் தோட்டாக்களைத் தன் பழைய பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினார்.

5

லவான் ஜெயித்தாள்.

(தெரியும். இப்படி நடந்தால் கதை மாதிரி இருக்கிறது என்பீர்கள். நானும் மூன்றாம் இடம் கொடுத்துப் பார்த்தேன். சங்கச் சுவரில் அவள் படம் தொங்குகிறது, என்ன செய்ய?)

முதலில் சரிபார்க்கச் சுட்ட குண்டுகள் கொஞ்சம் மேலே போயின. அவள் குறிக்கண்ணாடித் திருகைத் திருப்பினாள். அப்புறம் எல்லாம் நடுவட்டத்தில்தான். கேடயத்தை வாங்கிக்கொண்டு, "எல்லாம் ஆர்டன் கைவேலை!" என்று ஊர் கேட்கச் சொன்னாள். உடனே ஒரு கும்பல் ஆர்டனைச் சூழ்ந்துகொண்டு, என்ன மருந்து, என்ன அளவு என்று துளைத்தெடுத்தது. ஆர்டன் இருமினார். கேட்டவர்களுக்கெல்லாம் இருமல்தான் பதில்.

6

ஆர்டன் சொன்ன கதை அவ்வளவுதான். இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் போன மாதம் என் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்த லவான் திடீரென்று சிரித்தாள்.

"அன்னிக்கு அந்த மனுஷன் இருமின இருமல் இருக்கே! கடையில வாங்கின தோட்டான்னு எனக்குத் தெரியாதாக்கும்."

எனக்குப் புரையேறிவிட்டது.

"அவர் செய்யிற தோட்டாவுக்குக் காலிக் கூட்டையெல்லாம் நான்தானே தேய்ச்சுக் குடுக்கிறேன். என் கை படாத பித்தளை எனக்குத் தெரியாதா? பெட்டியைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"ஆர்டன் ஹாகன் முழு விலை குடுத்துத் தோட்டா வாங்கியிருக்கார்யா! ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கு, எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்திருக்கார். வேற எதுக்கு அந்தக் கை பர்ஸைத் திறக்கும்?" காபியைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் போகவில்லை. "இதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்க?"

கதவருகில் போனவள் திரும்பினாள். "எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லமாட்டேன்னு வாக்குக் குடு." கொடுத்தேன். "எழுதுறதுன்னா உன் பாஷையில எழுது. அதை அவருக்குப் படிக்க வராது."

ஆகவே இது தமிழில் இருக்கிறது.

7

இங்கே ஒரு நல்ல முடிவு எழுதிவைத்திருந்தேன். ஆர்டனும் லவானும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்து... (கிழித்துவிட்டேன். நடக்காததை எழுதலாம், ஆனால் இவர்களைப் பற்றி அப்படி எழுத மனசு வரவில்லை.)

ஏனென்றால் இன்றைக்கு ஆர்டன் வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி, மேசையில் கிடக்கும் தாள்களைப் பார்க்கிறார்.

"என் கதைதானே அது?"

"ஆமாம்."

"எழுதாதேன்னு சொன்னேனே." கோபம் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றுகிறார். "முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"அவகிட்ட சொல்லிடணும்னுதான் தினமும் எழுந்திரிக்கிறேன். அவ என்னை நம்பிச் சுடுறா. இப்போகூட அடுத்த போட்டிக்குச் செஞ்சுகிட்டிருக்கேன், ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை எடை போட்டு. ஆனா வாய் வரமாட்டேங்குது." தொப்பியால் தாள்களைக் காட்டுகிறார். "உன் கதையில... நான் அவகிட்ட சொல்லிட்டேனா? அவ என்ன சொன்னா?"

நான் லவானுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. "ஆர்டன், கதையில நீங்க" என்று தொடங்கிவிட்டேன். இத்தனை நேரம் படித்த நீங்கள் மிச்சத்தைச் சொல்லுங்கள். சீக்கிரம், அவர் நின்றுகொண்டே இருக்கிறார்.