ரெண்டாம் நம்பர் டோக்கன்

பன்னிரண்டு-பதிமூன்று ஸ்பேனர் தொங்க வேண்டிய ஆணியில் ஒரு பித்தளை டோக்கன் தொங்கியது. தனுஷ்கோடி மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி நம்பரைப் பார்த்தார். இரண்டு. பார்க்காமலே தெரியும், இருந்தாலும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கத்தினால்தானே கத்தலுக்கு ஒரு நியாயம் இருக்கும்.

“ஏட்டி வேலுத்தாயி! ஸ்பேனரைக் கொண்டு போயி கொழம்பு கிண்டுதியா?”

“நாந்தான் எடுத்தேன்,” என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. “கோழிக்கூட்டுத் தகரத்த நிமித்தணும்னு எடுத்தேன். செத்த நேரம் பொறுங்க, கொண்டாரேன்.”

தகரத்தை நிமிர்த்த ஸ்பேனர்! தனுஷ்கோடி தலையில் அடித்துக்கொண்டார். செத்த நேரம் என்றவள் அரைமணி நேரம் கழித்துத்தான் கொண்டுவந்தாள். அதுவரை அரிசிப்பானை மூடியைத் திறக்கும் சத்தமும், கட்டிலுக்கு அடியில் பெட்டியை இழுக்கும் சத்தமும் கேட்டபடி இருந்தன. எடுத்ததை எங்கே வைத்தோம் என்றே தெரியாத பொம்பளை. அவருக்குக் கோபத்தோடு கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ராஜபாளையத்து மில்லில் முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டுத் தொண்ணூற்று ஒன்றில் ரிட்டையரானவர் தனுஷ்கோடி. செட்டியார்பட்டிக்கு மேற்கே அப்பன் விட்டுப்போன நிலத்தில் ஓட்டு வீடு இருந்தது. அங்கே வந்ததும் முதல் வேலையாக ஆட்டுக்கொட்டத்தைக் காலி செய்தார். ஆடு வளர்க்கலாம் என்று ஆசைப்பட்ட வேலுத்தாய் வாயைத் திறக்கவில்லை. தரைக்கு சிமெண்டு, மேலே ட்யூப் லைட், மேற்குச் சுவரில் ஜன்னல், அதையொட்டி வேப்பம்பலகை மேஜை, மேஜையில் இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ். எதிர்ச்சுவர் முழுக்க ஒரு பலகை, பலகையில் எண்பத்திரண்டு ஆணி. எட்டு மாதம் பிடித்தது. மகள் கல்யாணத்துக்குக்கூட மனுஷன் இப்படி ஓடியாடவில்லை.

மில் டூல் ரூமில் ஒரு வழக்கம். ஆளுக்கு ஐந்து பித்தளை டோக்கன், அதில் அவனவன் நம்பர். சாமானை எடுத்தால் அந்த ஆணியில் டோக்கனை மாட்ட வேண்டும்; சாமானைத் திரும்ப மாட்டினால் டோக்கனை எடுத்துக்கொள்ளலாம். ஆணி ஒருநாளும் வெறுமனே இருக்கக் கூடாது. அதே வழக்கத்தை ஆட்டுக்கொட்டத்துக்கும் கொண்டுவந்தார். பித்தளைத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, நம்பர் குத்தினார். வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒன்றாம் நம்பர் அவர், இரண்டாம் நம்பர் அவள்.

“எனக்கு எதுக்கு இது? தாலியில கோத்துக்கிடவா?” என்று வேலுத்தாய் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆணிகளுக்குப் பக்கத்தில் சாமானின் பெயரை எழுதி ஒட்டினால் என்ன என்றும் அவள்தான் கேட்டாள். “பெத்த பிள்ளை நெத்தியில பேரெழுதியா கூப்புடுவாக?” என்று அவர் அவளை மடக்கிவிட்டார். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த ஆணியில் எது என்று சொல்லும் ஆள் அவர். அதில் அவருக்குத் தலைகொள்ளாத கர்வம்.

முதல் வருஷம் அவள் எடுத்ததெல்லாம் தேங்காய் உடைக்க சுத்தியல், கொடிக்கம்பி முறுக்கக் கட்டிங் பிளேயர், அவ்வளவுதான். போன ஆடியிலிருந்துதான் நிலைமை மாறியது. வாரத்துக்கு மூன்று, நாலு ஆணியில் இரண்டாம் நம்பர். அரத்தைப் போய் எடுத்திருக்கிறாள், குழாய் ரிஞ்சைப் போய் எடுத்திருக்கிறாள். கேட்டால் வாய்க்கு வந்த காரணம், அப்புறம் வீடு முழுக்கத் தேடல். இவளுக்குப் புத்தி கலங்குகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். ஓடைக்கரையில் வல்லாரை பறித்து வந்து, துவையல் அரைத்துத் தின்னச் சொன்னார். அவள் மறுபேச்சில்லாமல் அரைத்தாள். பெரிய உருண்டையாக எடுத்து அவர் தட்டில்தான் முதலில் வைத்தாள்.

அவர் இதை மனசோடு வைத்துக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பால்ச்சாமியிடம் சொன்னார். மகள் செல்லக்கனிக்குக் கடிதத்தில் எழுதினார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், “எங்க வீட்டம்மாவுக்கு எலைய எங்க போடணும்னே மறந்துபோகும்” என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். பந்தியே சிரித்தது. வேலுத்தாயும் குனிந்துகொண்டு சிரித்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்.

ஐப்பசியில் மகளுக்கு மஞ்சள்காமாலை என்று அவள் வாழ்க்கைப்பட்ட மடவார் வளாகத்திலிருந்து ஆள் வந்தது. போய் மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டு வரவேண்டும். வேலுத்தாய் கிளம்ப மனசில்லாமல் கிளம்பினாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் வாசலில் நின்றாள்.

“அடுப்ப அணைச்சீகளான்னு ரெண்டு வாட்டி பாருங்க. தோட்டத்துக்குப் போனா பால்ச்சாமிகிட்ட சொல்லிட்டுப் போங்க.”

“நான் என்ன பச்சப்புள்ளையா? நீ எறங்க வேண்டிய எடத்துல ஒழுங்கா எறங்கு,” என்றார் அவர்.

அவள் போனதும் கொட்டத்தைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். இந்த மூன்று நாளாவது சாமான்கள் அததன் இடத்தில் இருக்கும் என்று நினைக்க அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தான் மட்டும் திறந்தார், தான் மட்டும் வேலை பார்த்தார், தான் மட்டும் பூட்டினார்.

இரண்டாம் நாள் காலையில் பால்ச்சாமி பம்புசெட்டு போல்ட் கழலவில்லை என்று வந்தான். தனுஷ்கோடி கொட்டத்தைத் திறந்து கையை நீட்டினார். பன்னிரண்டு-பதிமூன்று ஸ்பேனரின் ஆணி வெறுமனே இருந்தது. சாமானும் இல்லை, டோக்கனும் இல்லை.

“ஏலே பால்ச்சாமி, எடுத்தவன் சொல்லிட்டு எடுத்திருக்கலாம்லா.”

பால்ச்சாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்ன அண்ணாச்சி இப்பிடிச் சொல்லிட்டீக. பூட்டியில்ல கெடந்துச்சு. சாவி ஒங்க இடுப்புலதான இருக்கு? மதினிக்குத்தான் மறதின்னு சொல்லுவீக. அவுகளும் ஊருல இல்லையே,” என்றான்.

அவன் போன பிறகு தனுஷ்கோடி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பலகையை முதல் ஆணியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்து ஆணி வெறும் ஆணி. இரண்டாம் நம்பர் டோக்கன் ஐந்தும் ஓரத்தில் வரிசையாகத் தொங்கின. தினமும் விடிந்ததும் கொட்டத்தைக் கூட்டுகிறவள் அவள். அவர் பல் தேய்த்து, காப்பி குடித்து வருவதற்கு முன்னால், விளக்குமாற்றோடு இந்தப் பலகைக்கு முன்னால்தான் நிற்பாள். எந்த ஆணி வெறுமனே இருந்தாலும் அவள் கண்ணில் படும்; கைக்கெட்டும் தூரத்தில் அவள் டோக்கன். படட்டும் என்று விட்டுவிடுகிறவளா அவள்?

அரிசிப்பானையைத் திறந்தார். ஸ்பேனர் அரிசிக்குள் பாதி புதைந்து கிடந்தது. கட்டிலுக்கடியில் துணிப்பெட்டிக்குள் அரம். மாடக்குழியில் விளக்குக்குப் பின்னால் திருப்புளி. குளிக்கிற தொட்டிக்கு அடியில் சின்னச் சுத்தியல், துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. எதையும் தான் வைத்ததாக அவருக்கு ஞாபகமில்லை. அவள் எங்கெங்கே தேடுவாள் என்று இத்தனை நாள் காதில் விழுந்திருந்தது, அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தேடினார். தன் சொந்தப் புத்தியைத் தேடக்கூட அவளுடைய வழிதான் உதவியது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பந்தியில் குனிந்து சிரித்த முகம் நினைவுக்கு வந்தபோது சத்தம் போட்டே அழுதார்.

நாலு சாமானையும் துடைத்து மாட்டினார். ஐந்தாவது ஆணி மட்டும் மிச்சம். மூன்றாம் வரிசையில், ஜன்னல் பக்கத்திலிருந்து ஏழாவது. அதில் என்ன தொங்கியது? இந்தப் பக்கம் உளி, அந்தப் பக்கம் மட்டப்பலகை. நடுவில்? ஆணி தேய்ந்து பளபளப்பாக இருந்தது, நிறையத் தடவை எடுத்து மாட்டிய ஆணிதான். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தார், கைக்காவது தெரியுமா என்று. கைக்கும் தெரியவில்லை. டோக்கன் யார் எடுத்தது என்று சொல்லும், என்ன எடுத்தது என்று சொல்லாது. முப்பத்து நாலு வருஷத்தில் அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றியதில்லை.

அன்றும் மறுநாளும் அந்த ஆணிக்கு முன்னால்தான் இருந்தார். சோறு பொங்கவில்லை. பால்ச்சாமியிடம் கேட்கலாம், கேட்டால் ஊருக்குத் தெரியும். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் வருகிற தென்காசி பஸ் ரோட்டில் நிற்கும் சத்தம் கேட்டபோது அவருக்கு வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை. ஓரத்திலிருந்து ஒரு இரண்டாம் நம்பரை எடுத்து அந்த ஆணியில் மாட்டினார்.

வேலுத்தாய் வீட்டுக்குள் போகாமல் நேராகக் கொட்டத்துக்குத்தான் வந்தாள். கையில் பையோடு பலகையைப் பார்த்தாள். மூன்று நாளாக ஊரில் இல்லாதவளின் டோக்கன். அவள் கண்கள் அதிலிருந்து அவர் முகத்துக்கு வந்தன. மழிக்காத தாடியையும் வீங்கிய இமையையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“நாந்தான் எடுத்தேன்,” என்றாள்.

குரல் எப்போதும்போல இருக்கப் பார்த்தது, முடியவில்லை. இந்த இரண்டு நாளும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று என்னென்னவோ சேர்த்துவைத்திருந்தார்.

“சரிட்டி. நீயே எடுத்ததா இருக்கட்டும்,” என்றார். “என்னத்த எடுத்த?”

வேலுத்தாய் பையை மறு கைக்கு மாற்றினாள்.

“சொல்லு தாயி. அதுல என்ன இருந்துச்சு?”

அவள் பையைக் கீழே வைத்தாள். “பேரு எனக்கு எங்க தெரியும். நீங்க சொல்லுவீக, நான் காதுல வாங்குனதில்ல,” என்றாள். அதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “ரெண்டு காலு இருக்கும்லா. அகட்டி வச்சு கம்பியோட கனத்த அளப்பீகளே. இந்தா, இப்பிடி.”

வலது கையின் இரண்டு விரல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டி விரித்தாள், சேர்த்தாள், மறுபடி விரித்தாள். மகளுக்குக் கீழாநெல்லி அரைத்த பச்சை நகக்கண்ணில் இன்னும் இருந்தது. தனுஷ்கோடி அந்த விரல்களையே பார்த்தார். பிறகு தெரிந்ததுபோலத் தலையை ஆட்டினார். அவள் விரல்களை இன்னும் கொஞ்சம் அகட்டினாள்.