ஊதுங்க, நிறுத்தாதீங்க

என் வேலை கத்துவது. அடையாள அட்டையில் மூச்சுப் பரிசோதனையாளர் என்று கௌரவமாகப் போட்டிருக்கும். நாள் முழுக்க நான் செய்வது என்னவோ அதுதான். வந்தவர் மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்து, குழாயை வாயில் கவ்வி ஊத வேண்டும். யாரும் முழுசாக ஊத மாட்டார்கள், பாதியிலேயே போதும் என்று விட்டுவிடுவார்கள். அந்த இடத்தில்தான் நான் தொண்டையைத் திறப்பேன். "ஊதுங்க! ஊதுங்க! நிறுத்தாதீங்க! இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு!" அடியில் ஒட்டிக்கிடக்கும் மூச்சும் வெளியே வந்துவிடும். "உங்க தொண்டையாலதான் நம்ம ஆராய்ச்சியே ஓடுது" என்று பெரிய டாக்டர் கேலி செய்வார்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பற்றிய ஆராய்ச்சி. யாருக்கு வருகிறது, எந்தத் தொழில்காரர்களுக்கு அதிகம், வந்தவர்கள் கடைசியில் என்ன ஆகிறார்கள் என்று ஐந்து வருடம் கூடவே இருந்து பார்ப்பார்கள். சேர்ந்தவர்களுக்கு மருந்து இலவசம். வீட்டுக்கே ஆக்ஸிஜன் மெஷின் வரும். ஆனால் நோய் முற்றியவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். அவரவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய மூச்சில் பாதிக்குக் கீழே ஊதினால் உள்ளே, பாதியைத் தாண்டினால் வெளியே. மூன்று முறை ஊத வைத்து, அதில் எது பெரியதோ அதைத்தான் கணக்கில் எடுப்போம்.

என் வீட்டுக்காரர் தரைக்கல் அறுத்தவர். ஊரில் பாதி வீடுகளின் தரை வழவழவென்று இருக்கிறது, தூசி முழுக்க இவர் நெஞ்சுக்குள் இருக்கிறது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவார். அந்த மெஷின் எங்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். அவர் மூச்சு அந்தப் பாதிக் கோட்டுக்கு மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அவரோடு படுத்து எழும் எனக்குத் தெரியாதா?

சொந்தக்காரர்களை நாமே பரிசோதிக்கக் கூடாது என்பது விதி. எனக்கு அது வசதியாகப் போயிற்று. பக்கத்து அறைப் பரிசோதனையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல "ம்... ஊதுங்க" என்பார், அவ்வளவுதான். அவரிடம் ஊதியவர்கள் எல்லோருக்கும் அளவு ஒரு படி குறைவாகவே வரும். அதற்காக டாக்டரிடம் இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவர். என் வீட்டுக்காரரை அவரிடமே போட்டேன். மெல்ல ஊதுங்கள் என்றெல்லாம் இவரிடம் சொல்லிவைக்கவில்லை. சொன்னால் இந்த வெள்ளந்தி மனுஷன் நேராக டாக்டரிடமே போய், "மெதுவாதானே சார் ஊதணும்?" என்று கேட்டுவைப்பார்.

அந்த நேரத்துக்கு என் அறைக்கு யாரும் வராதபடி பார்த்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் வர வேண்டிய ஹாஸ்டல் சமையற்காரம்மா அன்றைக்கே வந்து நின்றார். இரண்டு பஸ் மாறி வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியுமா? உட்கார வைத்தேன். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு ப்ளைவுட் தடுப்புதான். அதுவும் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் ஊமைக்கோட்டானின் "ம்" கேட்டது. பிறகு என் வீட்டுக்காரரின் இருமல்.

நான் குரலைத் தாழ்த்தியே சொன்னேன். சமையற்காரம்மா ஊத ஆரம்பித்து, பாதியில் சிரித்துவிட்டார். மறுபடி ஊதினார், மறுபடி சிரிப்பு.

"என்னம்மா, ரகசியம் மாதிரி சொல்றீங்க? சிரிப்பு வருதுல்ல?"

"சிரிக்காம ஊதுங்க. சரியா வரலைன்னா இன்னொரு நாள் வரணும்."

"ஐயையோ, லீவு குடுக்க மாட்டாங்க."

மூன்றாவது முறை ஒழுங்காக ஆரம்பித்தார். நடுவில் தளர்ந்தார். திரையில் கோடு சரிவதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. வாய் பழகிய வாய். "ஊதுங்க! நிறுத்தாதீங்க! இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு!" கத்தி முடித்த பிறகுதான் தடுப்பைப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சமையற்காரம்மாவுக்கு அளவு நன்றாக வந்திருந்தது.

பெரிய டாக்டர் தாளோடு நடைக்கு வந்தார். என் வீட்டுக்காரர் பரீட்சை எழுதி முடித்தவர்போல பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"முதல் ரெண்டு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. கடைசி ஐம்பத்திரண்டு. நல்ல சேதிதாம்மா, பாதிக்கு மேலேயே இருக்கு" என்றார் டாக்டர். "இந்தத் தடவை சேர்க்க முடியாது. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது கண்டிப்பா வந்துடுவார்."

டாக்டர் நல்லவர்தான். ஆறுதலாகத்தான் சொன்னார். அடுத்த தடவைக்குள் இவர் மூச்சு இன்னும் இறங்கியிருக்கும் என்பதுதான் அதன் அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. சரி சார் என்று தாளை வாங்கி, மற்ற தாள்களோடு கோப்பில் போட்டேன். மதியம் வரை இன்னும் நான்கு பேருக்குக் கத்தினேன். அவர் பெஞ்சிலேயே காத்திருந்தார்.

வீட்டு மாடிப்படியில் முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு சமாதானமானதும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உன் சத்தம் கேட்டுச்சு."

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

"அந்தாளு 'ம்'முங்கறான், எனக்கு ஒண்ணும் ஓடல. விட்டுடலாம்னு இருந்தேன். அப்பதான் நீ கத்துன. எனக்காகத்தான் கத்துறன்னு தெரிஞ்சுது. விடுவேனா? அடிவயித்துலேருந்து ஊதிட்டேன்."

"நல்லா ஊதுனீங்க" என்றேன். குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"அடுத்த தடவை மெஷின் கண்டிப்பா குடுத்துடுவாங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்பவும் நீ பக்கத்து ரூம்லதானே இருப்ப?"

"இருப்பேன்."

"கத்துவல்ல?"

"மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும் வரை அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு படியில் நின்றேன்.