சூடு இறங்கட்டும்

பலகையை வெயிலில் கிடத்திவிட்டு, கவேலோ மாமரத்தடியில் காலை நீட்டியிருந்தான். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோளுக்கு இரண்டு நாள் விடுப்பு. நாளை தெற்கத்தி அலை வயனாயே கரையைத் தொடும். போன மாதம் பழைய பலகை பாறையில் மோதிப் பிளந்துபோனது. இது கப்பல் பெட்டியின் ஒட்டுப்பலகையில் அவனே அறுத்து இழைத்த பைப்போ. நெஞ்சை வைத்துப் படுத்து அலையேறும் குட்டைப் பலகை. அடிப்பக்கம் நேற்றே முடிந்தது. மேல்பக்கத்துக்குக் கண்ணாடி இழைத் துணி இருந்தது. அதை மரத்தோடு ஒட்டும் ரெசின் அரை டப்பாதான். கெட்டால் வேறு கிடையாது.

மனைவியின் தம்பி மகாயோ வந்து பார்த்தான்.

"என்ன மச்சான், கருவாடா காயப்போட்டிருக்க? எல்லாரும் காலையிலயே ஒட்டி முடிச்சிருப்பாங்க."

"அதான் எல்லார் பலகையிலயும் அம்மை போட்டிருக்கு. வெயில் ஏற ஏற மரம் மூச்சு விடும்டா, ரெசின்ல குமிழா நிக்கும். சூடு இறங்கையில பூசினா மரமே உள்ள குடிச்சுக்கும்."

மூன்று மணிக்குப் பலகையை நிழலுக்கு மாற்றித் துணியை விரித்தான். ரெசினில் அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலக்கும் வேலை மகாயோவுக்கு. கால்வாசித் துணி நனைவதற்குள் டப்பா கையைச் சுட்டது.

"எவ்வளவு ஹார்டனர்டா ஊத்தின?"

"நீதான் லேட் பண்ணிட்டியேன்னு... ரெண்டு பங்கு."

கவேலோவின் மனைவி லெயிமோமி வாசலிலிருந்து கத்தினாள். "புகையுதுய்யா! மணல்ல வீசு!"

கவேலோ வீசவில்லை. மிச்சம் முழுவதையும் பலகை நடுவில் கவிழ்த்தான். "கும்பலா இருந்தாத்தான் கொதிக்கும். பரப்பிட்டா ஆறிடும். வாடா, தள்ளு!"

கவேலோ ரப்பர் துண்டால் தலைப்பக்கம் இழுத்தான். மகாயோவுக்கு அகப்பட்டது காலில் கிடந்த செருப்புதான். கழற்றி வால்பக்கம் வழித்தான். துணி நனைந்து கண்ணெதிரே கண்ணாடிபோலாகி மரத்தின் ரேகை தெளிந்தது. கடைசி ஓரத்தை எட்டியபோது ரெசின் கூழாகிவிட்டிருந்தது. செருப்பைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஆளுயர அலையில் நான்கு முறை ஏறி இறங்கிக் கரைக்கு வந்தான் கவேலோ. பலகையில் ஒரு குமிழ்கூட இல்லை. வாலில் மட்டும் செருப்பின் அடிப்பக்கக் கட்டங்கள் அப்படியே பதிந்திருந்தன.

மகாயோ அதைத் தட்டிக் காட்டினான். "என் முத்திரை இருக்கு பாரு. அடுத்த அலை எனக்கு."

"ஒத்தச் செருப்போட வந்திருக்க," என்று கவேலோ பலகையை நீட்டினான். "ஒரே ஒரு அலை."