பதினெட்டு டிகிரிச் சரிவு

1

இந்தக் கதை எனக்குக் கறிக்கடையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் பதினோரு கிலோ மாட்டுக்கறி வாங்கினார், கடைக்காரரின் அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார், கையிலிருந்த தாளை மேசைமேலேயே மறந்துவிட்டுப் போனார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட வேண்டும் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அவருடைய வண்டி முக்கு திரும்பிவிட்டது. தெருவில் நின்று சத்தம் போட்டு ஒருவரை அழைப்பது எனக்கு வராது. ஆகவே தாள் என்னிடம் இருக்கிறது.

கரி நான்கு மூட்டை. ஐஸ் ஆறு பை. தண்ணீர் எண்பது லிட்டர். மடக்கு நாற்காலி எட்டு. கூடாரம் மூன்று. தோர்த்தியா ரொட்டி பத்து அடுக்கு. மண்வெட்டி மூன்று.

நவம்பரில், மெக்சிகோவின் இந்த என்செனாடாவில் இப்படி ஒரு பட்டியல் இல்லாத வீடு குறைவு. பாலைவனப் பந்தயம் என்றால் எங்களுக்கு அதன் ஓரத்தில் இரண்டு நாள் கூடாரம் போட்டுக் கிடப்பது. வண்டி ஓட்டுகிறவர்கள் அதற்கு ஒரு சாக்கு. மண்வெட்டி எதற்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் வழியில் ஒரு மேடு போட்டால் வண்டி பறக்கும். பறந்தால் படம் எடுக்கலாம்.

என்னை நிறுத்தியது வேறு. மண்வெட்டி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு செங்கோண முக்கோணம். அதன் கூரிய மூலையில் 18°. கோணத்துக்கான சின்ன வில்லைக்கூட விடாமல் வரைந்திருந்தார்கள்.

யாரோ படித்தவர்.

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"விடியலில் பாலைவனம் பொன்னாய் உருகி..." (இல்லை. நவம்பர் விடியலில் அங்கே மூக்குதான் உருகும்.)

"எவரார்தோ ஈவிரக்கமற்ற மனிதன்." (அப்படிப்பட்டவர் அடுத்தவர் அம்மாவின் முழங்காலை விசாரிக்க மாட்டார்.)

"முக்கோணத்தை வரைந்தவள் நெரெய்டா. இயற்பியல் பட்டதாரி. பட்டம் வாங்கி ஒரு வருடமாகியும் குடும்பத்தில் ஒருவரும் அவளிடம் இயற்பியல் கேட்டதில்லை."

இதை வைத்துக்கொள்கிறேன்.

(நெரெய்டா நான் இல்லை. நான் படித்தது வேதியியல்.)

3

ஞாயிறு மதியம், எவரார்தோ மாமாவின் வீட்டு முற்றம். பிக்அப் வண்டியின் பின்கதவில் பந்தய வழியின் வரைபடத்தை விரித்து, மூலைக்கு ஒன்றாக பீர் டப்பா வைத்திருந்தார்கள்.

"போன வருஷம் மாதிரி மேட்ட ஆத்து மணல்லயே போடுவோம்," என்றான் மாமாவின் மகன் லிசாந்த்ரோ.

"போட்டு? நாலு வண்டி எழும்புச்சு. மூணு என் இடுப்பு ஒசரம்கூட வரல. அதுக்கா ரெண்டு நாள் பல்லு வெளக்காமக் கெடந்தோம்?" என்றார் மாமா.

"ஒண்ணு உருண்டுச்சுல்ல."

"உருண்டவன இழுத்து வெளிய போட்டது யாரு? கறி சுட்டுக் குடுத்து, கம்பளி போத்தி அனுப்புனது யாரு? அதையும் சேத்துச் சொல்லு."

நெரெய்டாவின் அம்மா அடுப்பில் வெங்காயத்தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, இந்த வருஷம் மேடு கீடுன்னு எதுவும் வேணாம். பைக்ல வர்ற பசங்க பாவம்."

"அக்கா, பைக்குதான மொதல்ல வரும்? ஒம்பது மணிக்குள்ள எல்லாம் போயிரும். அதுக்கப்புறம்தான் மண்வெட்டியையே தொடுவோம். பின்னால வர்றதெல்லாம் ட்ரக்கு, இரும்புக் கூண்டு. ஏன், நான் மனுஷன் இல்லையா?"

அக்கா சமாதானமானார். மாமா வளைவு ஒன்றில் விரலை வைத்தார். அதைத் தாண்டியதும் வண்டிகள் மணிக்கு எண்பது கிலோமீட்டரில் வரும். இடம் முடிவானது.

"ஆனா மேட்டை எப்படிப் போட்டா நல்லாப் பறக்கும்னுதான் பிடிபடல. பதினோரு வருஷமாக் கண்ணளவுதான்."

"நெரெய்டாவக் கேளுங்கப்பா," என்றான் லிசாந்த்ரோ. "அஞ்சு வருஷம் படிச்சாள்ல. வீட்டு மைக்ரோவேவையே பிரிச்சு அப்படியே போட்டுட்டா. இதாவது தெரியுதா பாப்போம்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் பேசாமல் இருக்க அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்று பேசினாள். பென்சில் கேட்டாள். பட்டியலின் ஓரத்திலேயே முக்கோணத்தைப் போட்டாள்.

"பதினெட்டு டிகிரி. முப்பது மீட்டர் போகும். ஒண்ணரை ஆள் உயரத்துக்கு எழும்பும்."

"ட்ரக்கு மூணு டன்னு," என்றான் லிசாந்த்ரோ. "அதச் சேத்தியா?"

"எடை வேணாம். இந்தச் சூத்திரத்துல எடையே வராது. எது வந்தாலும் ஒண்ணுதான்."

"வீட்டுக்குள்ளயே ஒருத்திய வெச்சுக்கிட்டு இத்தன வருஷமாக் கண்ணளவு பாத்திருக்கேன்," என்றார் மாமா. தனக்கென்று ஒதுக்கியிருந்த விலாத் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அந்த வீட்டில் அவர் அதை யாருக்கும் கொடுத்ததில்லை.

(காற்றின் தடையை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. கேட்டவர்களுக்கு அது தேவைப்படவில்லை.)

4

இதுவரை கதையில் யாருக்கும் எந்தச் சிக்கலும் இல்லை. ஒரு குடும்பம் கூடாரம் போடப் போகிறது. ஆகவே நெரெய்டாவுக்கு ஓர் அண்ணனைக் கொடுத்தேன். பெயர் ஆபேல்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆபேல் பைக்கிலிருந்து விழுந்து கழுத்தெலும்பை உடைத்துக்கொண்டான். கட்டுப் பிரித்த அன்று அம்மா அவனுடைய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய் மாதா கோயிலில் காணிக்கையாக வைத்துவிட்டு வந்தார். பிள்ளை இனி ஓட்ட மாட்டான் என்பது நேர்ச்சை. நேர்ந்துகொண்டது அம்மா, ஓட்டாமல் இருக்க வேண்டியது ஆபேல்.

செவ்வாய்க்கிழமை அவன் தொலைபேசியில் அழைத்தான்.

"நெரே, ஒண்ணு சொல்லுவேன். அம்மா காதுக்குப் போகக் கூடாது."

"ஓட்டப் போற."

"எப்படிக் கண்டுபிடிச்ச? ஒருத்தனுக்குக் கை சுளுக்கிருச்சு. ரெண்டாவது பகுதிய மட்டும் அவனுக்குப் பதிலா நான். பேருகூட லிஸ்ட்ல வராது. நீங்க எங்க கூடாரம் போடறீங்க? என்னப் பாத்தாலும் கை காட்டிராத."

"ஹெல்மெட்?"

"கடன் வாங்கினது."

"எத்தன மணிக்கு வருவ?"

"மொதப் பகுதி ஓட்டி எங்கிட்ட பைக்கக் குடுக்கறவருக்கு அம்பத்து மூணு வயசு. பத்திரப் பதிவு ஆபீஸ்ல இருக்காரு. எதுக்கும் அவசரப்பட மாட்டாரு."

அவள் தூரத்தை எழுதி, பத்திரப் பதிவு அலுவலகத்துக்காரரின் வேகத்தை ஊகித்து வகுத்தாள். வளைவுக்கு வர மணி பத்தே கால் ஆகும். ஒன்பதுக்கே மண்வெட்டியைத் தொட்டிருப்பார்கள்.

(இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள்: அண்ணனிடமே சொன்னால் என்ன? சொன்னாள்.)

"அங்க மாமா மேடு போடுவாரு, ஆபேல்."

"மாமா மேடா? அதுல எவன் பறந்தான்? மேல ஏறி எறங்கிப் போய்க்கிட்டே இருப்பேன்."

இந்த வருடம் அது சரியாகப் போடப்பட்டிருக்கும் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் வைத்துவிட்டான். மறுபடி அழைத்தபோது எடுக்கவில்லை.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ. நெரெய்டா எல்லோர் முன்னிலும் எழுந்து நின்று, கணீரென்ற குரலில் (அடித்துவிட்டேன். அவளுக்குக் கணீரென்ற குரல் கிடையாது. இருந்தாலும், அம்மாவின் நேர்ச்சையை நடு முற்றத்தில் போட்டு உடைப்பவள் இல்லை.)

ஆ. மூன்று மண்வெட்டிகளையும் ஒளித்து வைக்கிறாள். இதனால் பயனில்லை. பக்கத்துக் கூடாரத்தில் உப்பு கேட்டால் யோசிப்பார்கள். மண்வெட்டி கேட்டால் கூடவே இரண்டு ஆளும் வருவார்கள்.

இ. ஆபேலின் பைக் வழியிலேயே பழுதாகி நின்றுவிடுகிறது. இது நடக்கக்கூடியதுதான். அவன் வளைவுக்கு வரவே இல்லை. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. மாமாவின் மேடு அங்கேயே இருக்கிறது, அவனுக்குப் பின்னால் வருகிற

(இதை முடிக்க முடியவில்லை.)

6

புதன்கிழமை பிற்பகல். வண்டியில் சாமான் ஏற்றுகிறார்கள். கூடாரங்கள் ஏறிவிட்டன. மண்வெட்டிகள் கரி மூட்டைக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் படுத்திருக்கின்றன. நெரெய்டா மாமாவின் பக்கத்தில் போய் நின்றாள். அவர் கயிறு கட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"மாமா. அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"எதும்மா?"

"பதினெட்டு இல்ல. நாலு."

லிசாந்த்ரோ வண்டிமேல் நின்று ஒரு நாற்காலியை வாங்கிக்கொண்டிருந்தான். அது அவன் கையிலேயே நின்றது.

"நாலா? பதினெட்டு எங்க, நாலு எங்க. அஞ்சு வருஷம் உங்க அம்மா தெச்ச துணியெல்லாம் உன் படிப்புக்குத்தான் போச்சு, தெரியுமா?" என்றான்.

"ஒரு எடத்துல ரெண்டால பெருக்க மறந்துட்டேன்."

"மைக்ரோவேவே பரவால்ல."

நெரெய்டா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது சிவந்துவிட்டது. இனி கல்யாணம், ஞானஸ்நானம், சாவு என்று குடும்பம் கூடும் இடத்திலெல்லாம் இது பேசப்படும் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிறு மதியம் கிடைத்தது புதன் மதியம் போயிற்று. அவள் எண்ணை மாற்றவில்லை.

"நாலு," என்றாள் மறுபடி. "கண்டிப்பா நாலு."

மாமா உள்ளங்கையை நீட்டி லேசாகச் சாய்த்துப் பார்த்தார். அவ்வளவுதான் நான்கு டிகிரி. சாய்த்ததே தெரியவில்லை. பதினோரு வருடம் மண் அள்ளிய கை அது.

"லிசாந்த்ரோ, போய் ஐஸ் வாங்கிட்டு வா."

"நாளைக்கு வாங்கலாம்ல? உருகிரும்ப்பா."

"போய் வாங்கிட்டு வா."

அவன் போனான். மாமா கையைச் சாய்த்தபடியே வைத்திருந்தார்.

"நாலுன்னா பல்லிகூடத் தவ்வாதும்மா," என்றார் மெதுவாக. அவள் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இன்னும் குரலை இறக்கிக் கேட்டார்:

"யாரும்மா வண்டியில வர்றது?"

வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய அம்மா பீன்ஸ் பானையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வருகிறார். பத்தடி இருக்கும்.

7

இதற்குமேல் நான் எழுதிப் பார்த்தபோதெல்லாம் நெரெய்டா "ஆபேல்" என்றுதான் சொல்கிறாள். அம்மாவுக்குக் கேட்காத அளவுக்குச் சன்னமாக. மாமா உடனே மூன்று மண்வெட்டிகளையும் இறக்கிச் சுவரில் சாத்துகிறார். அக்காவிடமிருந்து பானையை வாங்கி வண்டியில் வைக்கிறார். எல்லாம் நன்றாக முடிகிறது. ஐந்து தடவை எழுதினேன், ஐந்து தடவையும் நன்றாகவே முடிந்தது.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அடுத்த வருடம் ஆபேல் ஓட்டமாட்டான். போன இரண்டு வருடமும் அவன் அந்த வழியில் வரவில்லை, மேடு இருந்தது.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். பந்தயம் வெள்ளிக்கிழமை. பைக் ஓட்டுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆபேல் அதில் இல்லை. ஏதாவது ஒரு பெயரில் விரலை வையுங்கள். உங்களுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, மாமாவுக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெயரை நெரெய்டா சொல்லட்டும். மாமா என்ன செய்கிறார் என்று நீங்கள் பாருங்கள்.