சட்டையில் வந்த தூசி

குழந்தைகள் டாக்டரின் அறை வாசல் பெஞ்சில் மடி காலியாக உட்கார்ந்திருந்தது அவர்கள் இருவர் மட்டும்தான். இருமுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, "உங்க குழந்தை எங்கம்மா?" என்று கேட்டாள்.

"இங்கதான். இறங்கி வர இன்னும் ஏழு வாரம் இருக்கு" என்று வயிற்றைக் காட்டினாள் அவள். பெஞ்சே சிரித்தது. புருஷன் மட்டும் சிரிக்கவில்லை. பழைய பேட்டரிகளைக் கோடரியால் பிளந்து ஈயத் தகடுகளை உருவுகிற வேலை அவனுக்கு. அவளுடைய ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை நான்காக மடித்துப் பிடித்திருந்தான். பிரசவம் பார்க்கிற டாக்டர்தான் அதைக் கொடுத்து இங்கே அனுப்பியிருந்தார்.

உள்ளே டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார். அவன் பேட்டரிப் பட்டறையில் வேலை செய்வதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவள் பக்கம் திரும்பினார். "உன் ரத்தத்துல ஈயம் கலந்திருக்கும்மா. நீயும் அங்க வேலைக்குப் போறியா?"

"அந்தத் தெருப் பக்கம்கூட போனதில்லை டாக்டரம்மா."

"இவர் துணியை யார் துவைக்கிறது?"

"நான்தான். ஒரே தூசியா இருக்கும். நல்லா உதறிட்டுத்தான் ஊறவைப்பேன்" என்றாள் கொஞ்சம் பெருமையாக.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"உதறினதுதானா?" என்றாள் அவள். "தினமும் உதறினேனே."

"உன் மேல தப்பில்லம்மா. ஆனா அது வயித்துப் பிள்ளைக்கும் போகும். எவ்வளவு பாதிச்சிருக்குன்னு பொறந்த பிறகுதான் தெரியும். இனிமே துளிகூடச் சேரக்கூடாது." அவன் பக்கம் திரும்பினார். "நீங்க வேலை முடிஞ்சதும் அங்கேயே குளிச்சு, உடை மாத்திட்டு வாங்க. அந்தத் துணி வீட்டு வாசலையே தாண்டக்கூடாது."

"இவர் மாமியார் வீட்டுக்கே குளிக்காம வந்தவரு..." என்று சிரிக்கப் பார்த்தாள்.

அவன் தலையாட்டினான். பட்டறையில் ஆட்களுக்குக் குழாய் கிடையாது என்பதைச் சொல்லவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் மேஸ்திரியிடம் போனான். "அண்ணே, குளிக்க ரெண்டு வாளி தண்ணி. வாசல் குழாயில பிடிச்சுக்கிறேன்."

"மாப்பிள்ளைக்கு இப்ப என்ன புதுச் சொகுசு? பொறுடா, கார் முடியட்டும்."

வாசலில் டிரைவர் முதலாளியின் காருக்கு ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்தார். டயரின் பள்ளங்களைக்கூட பிரஷ் போட்டுத் தேய்த்தார்.

"டயருக்கு எதுக்குண்ணே இவ்வளவு?"

"வீட்டுல சின்னப் பேரப்பிள்ளைங்க இருக்காங்கல்ல. இந்த மண்ணு ஒரு பொட்டுகூட உள்ள வரக்கூடாதுன்னு முதலாளி கண்டிப்பு."

கார் கிளம்பியது. மேஸ்திரி தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு வாசல் பூட்டைத் தேடினார். "நாளைக்கு ஞாபகப்படுத்து."

ஹோஸின் நுனியில் மிச்சமிருந்தது சொட்டியது. அவன் குத்துக்காலிட்டு, இரண்டு கைகளையும் அதற்கடியில் ஏந்தினான்.